செத்தவரிடம் என்ன வழக்கு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டுவலி அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய பஞ்சாயத்து மெம்பர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரேதான், ஏலாவில், அதுதான் நம் வயல்வெளியில், மண்ணடித்து மனை போட்டு விற்றவர்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரை ஒரே பிளெக்ஸ். 'ஏழைகளின் தோழன்' என்று ஒன்று, நம் சாயக்கடை அக்கா வீட்டு மதிலிலேயே சாத்தியிருக்கிறது. அக்காவின் வயலுக்குப் போகிற வழியை அடைத்தவருக்கு அங்கே அஞ்சலி! அக்கா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நல்ல மனுஷன், பாவம்" என்றார். "நீங்களா அக்கா இதைச் சொல்லுறது?" என்றேன். "செத்தவருகிட்ட இனி என்ன வழக்கு மக்களே" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அடுத்த எலெக்‌ஷன்ல மவன் நிக்கான்லா" என்றார்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. சாவு வீட்டில் குற்றம் பேசக்கூடாது என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பதினாறு நாள் மரியாதையை வாரிசும் கட்சியும் நிரந்தரச் சொத்தாக்கிக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்கிற தலைவர் கட்சி மாறுவார், உளறுவார், கணக்குக் கேட்டால் மாட்டிக்கொள்வார். செத்தவரால் அந்தத் தொல்லை இல்லை. அவர் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்கலாம்.

'ஆரம்பிச்சிட்டாண்டே' என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்குப் பட்டம் தாணுப்பிள்ளை ஞாபகம்தான் வந்தது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.யை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். அதை யாரும் மறுக்க முடியாது. அதே மனிதர் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்தபோதுதான், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திரண்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அவருடைய சொந்தக் கட்சியான பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார். தாணுப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. பிறகு 1960-ல் கேரள முதல்வர், அப்புறம் பஞ்சாபிலும் ஆந்திராவிலும் கவர்னர். 1970-ல் மறைந்தார். இங்கே கேரளத்தில் அவர் அரசியல் பீஷ்மர். எல்லை தாண்டிப் புதுக்கடைக்குப் போய் அப்படிச் சொல்லிப் பார்!

அவரைத் தூற்றச் சொல்லவில்லை மக்கா. ஜெயிலுக்குப் போனதைச் சொல்கிற வாய் சுட்டதையும் சொல்லட்டும். ஒன்றை விட்டுவிட்டால், குண்டடிபட்டுச் செத்தவர்களை இரண்டாம் முறை கொல்கிற மாதிரி. அவர்களும் செத்தவர்கள்தானே? செத்தவரைக் குறை சொல்லாதே என்கிறவர்கள் இவர்களை ஏன் மறக்கிறார்கள்?

உன் அப்பா அந்த ஊர்வலத்தில் போனவர். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே உட்காரவைத்துக் கேள். யார் பக்கத்தில் நின்றார், எந்தப் பக்கம் ஓடினார், யார் வீட்டில் ஒளிந்தார், எல்லாம். நீ எழுத வேண்டாம், உன் கையெழுத்து எனக்கே புரியாது. போனில் பதிவு செய்து அனுப்பு, நான் எழுதிக்கொள்கிறேன். ஓணத்துக்கு வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி