மலையேற்றப் போட்டியில் ஒற்றைச் சக்கரத்துக்கும் ஒரு நம்பர் கொடுங்கள்

சென்னையிலிருந்து ஏலகிரி, ஏற்காடு, நீலகிரிப் பக்கம் மலையேற்ற சைக்கிள் போட்டி நடத்தும் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒரு குழுவின் போட்டிக்கு யூனிசைக்கிளில், அதாவது ஒற்றைச் சக்கர சைக்கிளில், பதிவு செய்யப் பார்த்தேன். பெயர் வேண்டாம், சண்டை போடுவது என் நோக்கமில்லை. ‘பாதுகாப்புக் காரணங்களால் இயலாது’ என்று மின்னஞ்சல் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் அதே குழுவிலிருந்து ஒருவர் போனில் அழைத்தார். “சார், கொடியசைக்கிறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டிங் பாயின்ட்ல ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன், கூட்டம் ரசிக்கும். டி-ஷர்ட் தர்றோம்.” வேடிக்கை காட்ட வரலாம், போட்டியிட மட்டும் வரக் கூடாது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

யூனிசைக்கிள் என்றதும் தீவுத்திடல் சர்க்கஸ் நினைவுக்கு வருவது இயல்பு. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டும்போது ஆட்டோ அண்ணன்கள் “இன்னொரு சக்கரம் எங்கப்பா?” என்று கேட்காத நாளில்லை. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் போட்டி நடத்தும் நீங்களும் அதே கண்ணோடு பார்க்கலாமா? இந்த வண்டி சமதரையில் மெதுவானது, அது உண்மை. மலையில் கதை வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண யூனிசைக்கிளில் செயின் கிடையாது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். 29 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். இப்போது உங்கள் ரோடு பைக்குக்கு வாருங்கள். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் போட்டுக்கொண்டு செங்குத்தான இடத்தில் ஏறும்போது ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறீர்கள்? 2.2 மீட்டர் சொச்சம். அதாவது நீங்கள் மூச்சு வாங்கும்போது தேடிப் போகும் அந்தக் கடைசி கியரில்தான் நாங்கள் எப்போதும் இருக்கிறோம். ஈசிஆரில் எங்களைத் தாண்டிப் பறந்து போகிறவர்களோடு ஏலகிரியில் சேர்ந்து ஏற முடிவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஏற்றம் எளிது என்று சொல்லவில்லை. பெடல் நின்றால் சக்கரம் நின்றுவிடும், உருள விட்டுவிட்டு ஓய்வெடுக்கவே முடியாது. ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் வரும் நொடியில் காலுக்கு விசை கிடைக்காது. செங்குத்தான ஏற்றத்தில் அந்த நொடி நீளும், சக்கரம் நிற்கப் பார்க்கும். சீட்டுக்கு முன்னால் இருக்கும் கைப்பிடியை ஒரு கையால் மேலே இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து அதைக் கடத்த வேண்டும். கூடவே முன்னும் பின்னும் சாயாமல் இருக்க ஒவ்வொரு மிதியிலும் சின்னச் சின்னத் திருத்தங்கள். சைக்கிளில் போகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

உயரம் கூடக் கூட இது கடுமையாகும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். அமெரிக்காவின் கொலராடோவில் மவுன்ட் எவன்ஸ் என்று ஒரு மலை உண்டு. 2023-இல் அதற்கு மவுன்ட் ப்ளூ ஸ்கை என்று பெயர் மாற்றினார்கள். 1960-களிலிருந்து அறியப்பட்ட சைக்கிள் மலையேற்றப் போட்டி அங்கே நடந்து வந்திருக்கிறது. கிளம்பும் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் ஊரே ஊட்டி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து 4,300 மீட்டரில் முடிக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் இருந்தால் அதிகம். அந்தச் சாலையிலும் ஒற்றைச் சக்கரத்தில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். பரங்கிமலையை விட்டால் ஏற்றமே இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள், அதற்கெல்லாம் ஆசைப்படவில்லை. எங்களுக்கு ஏலகிரி போதும்.

இனி நீங்கள் சொன்ன பாதுகாப்பு. விழுந்துவிடுவோம் என்பது உங்கள் பயம் என்றால், மலையேறும் வேகத்தில் யூனிசைக்கிளிலிருந்து ‘விழுவது’ பெரும்பாலும் காலை ஊன்றி இறங்கி நிற்பதுதான். நாங்கள் ஷூவைப் பெடலில் மாட்டிக்கொள்வதில்லை. மலையில் வேகம் செத்துப்போய், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் கழற்ற நேரமில்லாமல் பக்கவாட்டில் சாய்பவர்களை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் உங்கள் மின்னஞ்சலில் இல்லாத மூன்று சிக்கல்கள் உண்மையிலேயே இருக்கின்றன, நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று, இறங்கினால் மறுபடி ஏறுவது. ஏற்றத்தைப் பார்த்தபடி சீட்டில் ஏறுவது மிகக் கடினம். சாலைக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பி, ஏறி, பிறகு மேல்நோக்கித் திரும்புவோம். பின்னால் ஐம்பது பேர் வரும்போது அது சரியல்ல. எனவே எங்களைக் கடைசி சைக்கிளும் போன பிறகு, சில நிமிடம் கழித்து அனுப்புங்கள்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் சாய்வு குறைவு. கியர் இல்லாதவன் வெளிப்பக்கம்தான் போகப் பார்ப்பான். வலப்பக்கம் திரும்பும் வளைவில் பிரச்சினை இல்லை, நம் இடது ஓரமே வெளிப்பக்கம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிப்பக்கம் என்பது எதிரே இறங்கி வரும் வண்டிகளின் பாதை. மலையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் வார இறுதியில் மலையிலிருந்து இறங்கும் சுற்றுலா வேனிடம் விதி பேச முடியாது. ஏலகிரியில் வளைவுகளே மொத்தம் பதினான்குதான் (புலவர்கள், வள்ளல்கள் பெயர் எழுதியிருக்கும் பலகைகளைப் படிக்க நேரம் கிடைப்பது எங்கள் வேகத்துக்கு மட்டும்தான்). இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொன்றிலும் கொடியோடு ஒரு தொண்டர் நின்றால் போதும். அது உங்கள் சைக்கிள்காரர்களுக்கும் நல்லது. ஆள் போதாது என்றால் எங்கள் நண்பர்கள் வந்து நிற்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது இறக்கம். மலையேற்றப் போட்டியில் அதை யாரும் பேசுவதே இல்லை, ஏனென்றால் முடிவுக்கோடு மேலே இருக்கிறது. எங்களுக்கு இறக்கம் முழுக்கப் பெடலைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும், முட்டி கழன்றுவிடும். டிஸ்க் பிரேக் வைத்த வண்டிகள் உண்டு. அதையும் பழகிய கைதான் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டிகளை மேலேயிருந்து டெம்போவில் ஏற்றி அனுப்புங்கள். இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மவுன்ட் வாஷிங்டன் மலையேற்றப் போட்டி இருக்கிறது: 12 கிலோமீட்டர், சராசரி 12 சதவீதச் சாய்வு, முடிவில் 22 சதவீதம். அங்கே முடித்தவர் யாரும் சைக்கிளில் இறங்கக் கூடாது, கீழே வர கார் ஏற்பாடு இருக்க வேண்டும். யூனிசைக்கிளில் அந்த மலையை ஏறி முடித்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் போட்டிகளில் முடித்தவர்கள் எல்லாரும் போக்குவரத்துக்கு நடுவே சைக்கிளிலேயே இறங்கி வருகிறார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதானால் முதலில் அங்கிருந்து தொடங்குங்கள்.

விதியைக் காட்டியும் ஒருவர் பேசினார். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி சைக்கிள் என்றால் ஒரே விட்டமுள்ள இரண்டு சக்கரம் வேண்டும், பின்சக்கரத்தைப் பெடலும் செயினும் ஓட்ட வேண்டும். சரிதான். 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணிநேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனையை முறியடித்தபோது, அடுத்த ஆண்டே அந்த வகை வண்டியை விலக்கி வைத்த சங்கம் அது. உலக சாம்பியன்ஷிப்புக்கு அந்தக் கறார் தேவைப்படலாம். கேரியர் வைத்த சைக்கிளில் வரும் மாமாவையும், அப்பாவோடு வரும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு எதற்கு? யூனிசைக்கிளுக்கென்றே சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது நடத்தும் உலகப் போட்டியில் மலையேற்றமும் உண்டு. ஹெல்மெட், கையுறை, முட்டிக் கவசம் என்று அவர்கள் வைத்திருக்கும் விதிகளை அப்படியே எங்களுக்கும் போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

நாங்கள் கேட்பது பரிசு அல்ல. தனிப் பிரிவு, நெஞ்சில் ஒரு நம்பர், முடிவுப் பட்டியலில் பெயருக்கு எதிரே நேரம். கால அளவைத் தாண்டினால் எல்லாரையும் போல எங்களையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். எங்களோடு பழகும் பையன் ஒருவன் பரங்கிமலைச் சாலையை நிற்காமல் ஏறிவிட்டு, “இதை எங்கண்ணா பதிவு பண்றது?” என்று கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

அடுத்த போட்டிக்குப் பதிவு திறக்கும் முன் ஒரு வரி பதில் போடுங்கள். கட்டணம் மற்றவர்களுக்கு உள்ளதே இருக்கட்டும், சக்கரம் பாதிதானே என்று தள்ளுபடி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
சென்னையின் ஒற்றைச் சக்கர ஓட்டிகள் சிலருக்காக, அவர்களில் ஒருவன்