தம்பிக்கு, துவாஸிலிருந்து

துவாஸ், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நான் நலம். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் கேட்பாள். இதில் எழுதியிருப்பது அவள் காதுக்குப் போக வேண்டாம். அதனால்தான் காகிதத்தில் எழுதி, ஊருக்கு வரும் கூட்டாளி கையில் கொடுத்து விடுகிறேன். அக்கா படித்தால் பரவாயில்லை.

பட்டாசு ஆலையில் நீ போர்மேன் ஆனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அப்பா இருந்திருந்தால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிருப்பார். ஆனால் அன்று போனை வைக்கும்போது ஒன்று சொன்னாய் பார், "தீபாவளி சீசன்ணே, ரூமுக்கு ஆறு பேர் உட்கார்ந்தாத்தான் ஆர்டர் முடியும்" என்று. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஆறு பேர். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

போன மாதம் இங்கே கப்பல் பட்டறையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கப்பலின் அடியில் தண்ணீர் நிரப்பி வைக்கும் தொட்டிகள் இருக்கும். பாலஸ்ட் டேங்க் என்போம். ஒரு ஆள் உடம்பை ஒடுக்கி நுழையும் அளவுக்குத்தான் மேன்ஹோல். உள்ளே அறை அறையாகத் தடுத்த இரும்பு, ஒரே இருட்டு. மூடிக்கிடந்த டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் துருவே எடுத்துக்கொள்ளும். வாசனை வராது, மூச்சு முட்டுவதும் தெரியாது. வெளியே சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம். ஆக்சிஜன் அளக்கும் மீட்டரில் 19.5-க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். உள்ளே காற்றைத் தள்ளும் ப்ளோயர் ஓட வேண்டும், மேன்ஹோல் வாயில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ப்ளோயரை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் சூப்பர்வைசர், "காலையில் பார்த்த ரீடிங் இருக்கு, இறங்குங்க, ஏழு மணிக்குள்ள முடிக்கணும்" என்றார். நான் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பங்களாதேஷ் பையன், உன் வயசுதான் இருக்கும், என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நோ கேஸ் செக், நோ கோ" என்றான். நான் அவனைத் தமிழில் திட்டினேன், தம்பி. நேரம் போனால் ஓவர்டைம் காசு போய்விடுமே என்றுதான் எனக்கு இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. மேன்ஹோல் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சேப்டி ஆள் வந்து மீட்டரை விட்டார். மேன்ஹோல் வாய்க்குக் கீழேயே அலாரம் அடித்தது. இன்னும் இறக்கினார். 14. அந்தக் காற்றில் கை கால் சொன்னபடி கேட்காது. புத்தி மழுங்கிவிடும். மேலே ஏறித் தப்பிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குக்கூட நேரமாகும். சாயங்காலம் அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இங்கே வந்த புதிதில் எங்களுக்கு வகுப்பில் சொன்னதை அன்றுதான் நிஜமாகப் புரிந்துகொண்டேன். 1978 அக்டோபர் 12-ந் தேதி இங்கே ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுது பார்க்க வந்து நின்ற ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெடித்தது. 76 பேர் இறந்துபோனார்கள். எரிபொருள் டேங்கில் கச்சா எண்ணெய் கலந்து ஆவி தங்கியிருக்கிறது. அருகே கேஸ் தீயால் இரும்பு வெட்டும் வேலை நடந்திருக்கிறது. இன்று நாங்கள் வெல்டிங் பெர்மிட் இல்லாமல் ஒரு பொறிகூடப் பறக்கவிட முடியாது. பக்கத்து டேங்கில் பெயிண்ட் அடிக்கிறார்களா, எங்கே என்ன வேலை நடக்கிறது என்று தினமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த 76 பேர் செத்துத்தான் இதெல்லாம் வந்தது.

இதைப் படித்துவிட்டு இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. 2021 பிப்ரவரியில் இதே துவாஸில் ஒரு பட்டறையில் உருளைக்கிழங்கு மாவு கலக்கும் மிஷின் வெடித்து 3 பேர் இறந்தார்கள். மிஷினைச் சுற்றியிருந்த எண்ணெய் சூடேறி வெடித்தது. கிளம்பிய மாவுத் தூள் தீப்பற்றிக்கொண்டது. அதற்கு முன்பே எண்ணெய் கசிந்திருக்கிறது, சின்னதாகத் தீயும் பிடித்திருக்கிறது. சரிபண்ணிவிட்டுத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். மாவு, தம்பி. சமையலுக்குப் போடும் மாவு. நீ தினமும் அலுமினியப் பவுடருக்குப் பக்கத்தில் நிற்கிறாய்.

அடிபட்டால் கம்பெனி இன்சூரன்ஸில் வைத்தியச் செலவும் டாக்டர் லீவு எழுதிக் கொடுத்த நாள் சம்பளமும் தர வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஆனாலும் விரல் நசுங்கியதைத் துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு வேலை செய்தவனை என் ரூமிலேயே பார்த்திருக்கிறேன். இங்கே வேலை பார்க்கும் பாஸ் கேன்சல் ஆகிவிடுமோ என்ற பயம். வந்த கடனே தீராதபோது எவன் வாயைத் திறப்பான்? "நிறுத்து" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று தினம் காலையில் வேலை தொடங்கும் முன் கூட்டும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொல்கிறார்கள். அந்தப் பையன் செய்த பிறகுதான் ஒருவன் அதை உண்மையாகவே செய்வதைப் பார்த்தேன். அவனுக்கும் கடன் இருக்கிறது.

நம்ம ஊர்ப் பக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்தபோது நீ சின்னப் பையன். 30 பேருக்கு மேல் போனார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப் போனவர்கள், அடுத்து வெடித்ததில் மாட்டிக்கொண்டார்கள். அப்பா சைக்கிளை எடுத்தார், அம்மா வாசலில் குறுக்கே நின்று விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இங்கே டேங்கில் ஒருவன் விழுந்தால், மேன்ஹோலில் நிற்பவன் கருவி இல்லாமல் உள்ளே குதிக்கக் கூடாது, ஆள் கூப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் கண்ணில் நிற்கிறாள்.

நீ இப்போது போர்மேன். பீஸ் ரேட்டில் ஓடும் பெண்கள் உன்னைப் பார்த்துத்தான் கையை வேகமாக ஓட்டுவார்கள். ரூமுக்கு 4 பேர் என்றால் 4 பேர். ஐந்தாவது ஆளைத் திருப்பி அனுப்பு, அன்றைய கூலி போய்விடுமே என்று அவர்கள் திட்டினாலும் கேட்டுக்கொள். முதல் நாள் மிஞ்சிய வெடிமருந்தை மறுநாள் காலையில் திறக்க விடாதே. ஈரம் பட்ட அலுமினியம் தானாகவே சூடாகும் என்று உனக்கே பரீட்சையில் கேட்டிருப்பார்கள். முதலாளி முகம் சுளித்தால், வேலை போனால், போகட்டும். மாதம் எவ்வளவு குறைகிறதோ அதை நான் அனுப்புகிறேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். என் பங்கு வீட்டுக் கடனை ஒரு வருஷம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அம்மா முட்டிக்குத் தைலமும் அக்கா பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் இதோடு வருகிறது. கூட்டாளி வீட்டில் போய் வாங்கிக்கொள்.

புதன்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன். அம்மா பக்கத்தில் இருந்தால் வேறெதுவும் பேச வேண்டாம். "அண்ணே, நாலு" என்று மட்டும் சொல்.

இப்படிக்கு
உன் அண்ணன்