கடலுக்கு நீலம்தான் அடிக்கணுமா? ஓர் ஓவிய வகுப்புக்கு எழுதிய புகார்

ஜூன் 29

அனுப்புநர்: திங்கள், புதன் வகுப்பில் படித்த கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) மாணவியின் அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்: நிர்வாகி அவர்கள், பள்ளி விட்டதும் நடக்கும் குழந்தைகள் ஓவிய வகுப்பு.

பொருள்: இரண்டாம் பருவ வகுப்புகள் பேசியபடி நடக்காதது, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கேட்பது.

ஐயா,

வணக்கம். இங்கிலீஷில் எழுது, சீக்கிரம் படிப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். ஆனால் "தமிழிலேயே நடக்கும் ஓவிய வகுப்பு" என்று சொல்லித்தானே எங்களிடம் பணம் வாங்கினீர்கள்? அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் பருவம் தொடங்கும் முன் வகுப்புக் கட்டணம் 2,400 ரேண்டும் பொருட்களுக்கு 450 ரேண்டும் உங்கள் கணக்கில் போட்டோம். 10 வாரம், வாரத்துக்கு 2 வகுப்பு, மொத்தம் 20. பிற்பகல் 2 மணி முதல் 3.15 வரை. அந்தப் பணம் என் சம்பளத்தில் இருந்து வந்ததல்ல, என் மாமியாரின் பென்ஷன் பணம். காரணம் உங்கள் நோட்டீஸ்தான். அதில் ட்ரூரோ கப்பலின் படத்தைப் போட்டு, 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலி வேலைக்கு 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்த கப்பல் என்றும், அந்த வழியில் வந்த பிள்ளைகள் தங்கள் மொழியில் வரையட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். மாமியாரின் கொள்ளுத்தாத்தாவும் அப்படிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்தான், கப்பல் மட்டும் வேறு. மாமியார் கோயிலில் தேவாரம் பாடுவார், ஆனால் ஒரு கடிதம் தமிழில் படிக்க வராது. "நமக்குத்தான் இல்லாமப் போச்சு, பிள்ளைக்காவது வரட்டும்" என்று சொல்லிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். உங்கள் நோட்டீஸ் இன்னும் எங்கள் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சேர்க்கைக்கு முன் பெற்றோரை உட்கார வைத்து நீங்களே அரை மணி நேரம் பேசினீர்கள். 1897-லேயே வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் என்பவர் குழந்தைகளுக்கென்று ஓர் ஓவிய வகுப்பு தொடங்கினார், குழந்தை வரைவதைப் பெரியவர்கள் திருத்தக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை, நம் வகுப்பும் அதே வழியில்தான் போகும் என்றீர்கள். நாங்கள் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். ஊரில் திருமணத்துக்கு முன் மூன்று வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். பிள்ளை கையில் இருக்கிற கிரேயானைப் பிடுங்கி வரைந்து காட்டுகிற டீச்சர்களை அங்கேயே நிறையப் பார்த்தாயிற்று. இங்கே ஒருவர் வேறு மாதிரி பேசுகிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

மே மாதம் ஒரு புதன்கிழமை. வகுப்பில் எல்லாருக்கும் ட்ரூரோ கப்பல் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே கடல், மேலே வானம், நடுவில் கப்பல், கோட்டுக்குள் கலர் அடிக்க வேண்டும். (ரெடிமேடு படத்துக்கு இங்கே இடமில்லை என்று உங்கள் நோட்டீஸில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அது நிற்க.) என் மகள் கடலுக்கு பழுப்பு நிறம் அடித்திருக்கிறாள். மிஸ் வந்து பார்த்துவிட்டு, "கடல் எங்கேயாவது பிரவுனா இருக்குமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, தாளை வாங்கிக்கொண்டு, வேறு ஜெராக்ஸ் கொடுத்து நீலம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

ஐயா, நீங்களும் டர்பன்காரர்தான். பெருமழை பெய்த மறுநாள் ப்ளூ லகூன் பக்கம் போய்ப் பார்த்ததில்லையா? உம்ங்கேனி ஆறு செம்மண்ணை அடித்துக்கொண்டு வந்து கடலில் கலக்கிற இடம். பெயர்தான் ப்ளூ, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் டீ நிறத்தில் கிடக்கும். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு நாங்கள் அங்கேதான் இருந்தோம். அவள் அப்பா தூண்டில் போட, இவள் கரையில் நின்று, "அப்பா, கடல்ல யாரு மைலோ ஊத்தினா?" என்று கேட்டாள். கண்ணால் பார்த்ததை மூன்று நாள் மனதில் வைத்திருந்து சரியான கிரேயானைத் தேடி எடுத்து அடித்திருக்கிறாள். கலர் அடிக்கத்தான் கொடுத்தீர்கள், அதற்குள்ளும் அவள் ஒரு படம் வரைந்தாள். இந்தப் பருவம் முழுக்க என் மகள் தானாகச் செய்த ஒரே ஓவியம் அதுதான். அதைத்தான் தப்பு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் பில் பின்னால், அரிசி மூட்டை மேல், ஆயாவின் (என் மாமியாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) மருந்துப் பெட்டி மேல் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் கிறுக்குவாள். போன வாரம் ஒரு பூனையை வரைந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, "ம்மா, இதுக்கு என்ன கலர் அடிக்கணும்?" என்கிறாள். உனக்குப் பிடித்ததை அடி என்றேன். "இல்ல, சரியான கலர் சொல்லு" என்று நின்றாள். பணத்தை விட இதுதான் எனக்கு ஆற்றாமை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆசிரியருக்கு 8 பிள்ளைகளுக்கு மேல் கிடையாது என்றீர்கள். ஒரு நாள் சீக்கிரமே கூப்பிடப் போனபோது வாசலில் 19 ஜோடி ஷூ கிடந்தது. உள்ளே ஒரே ஒரு மிஸ். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 19 குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக யாரும் பெயின்ட் டப்பாவைத் திறக்க மாட்டார்கள், நானும் ஜெராக்ஸைத்தான் நீட்டியிருப்பேன். குற்றம் 19 பேரிடம் பணம் வாங்கியவர்களுடையது.

தமிழ் விஷயம் இன்னும் வேடிக்கை. வகுப்பு முழுக்க இங்கிலீஷ்தான். பருவம் முடிவதற்குள் அந்த அறையில் என் மகள் காதில் விழுந்த தமிழ் மூன்றே மூன்று: "உட்காரு", "பேசாதே", "கை கட்டு". கையைக் கட்டிக்கொண்டு ஓவியம் வரைகிற வித்தையை யாரிடம் கற்றீர்களோ! சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறங்களின் பெயராவது தமிழில் வந்துவிடும் என்று ஆயா காத்துக்கொண்டிருந்தார். கோல வகுப்பு என்று ஒன்று வைத்தீர்கள், அதிலும் புள்ளியும் கோடும் அச்சடித்தே வந்தது. அரிசி மாவில் விரல் படாமல் என்ன கோலம்? களிமண் வாரம் வரவே இல்லை. கேட்டதற்கு "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்றார்கள்.

பருவக் கடைசியில் கண்காட்சி. சுவர் முழுக்க 19 மயில். எல்லாம் ஒரே அளவு, ஒரே கழுத்து, ஒரே பச்சை ஜிகினா. மிஸ் வெட்டிக் கொடுத்த துண்டுகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். உன்னுடையது எது என்று ஆயா கேட்டார். என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனுடையதைக் காட்டினாள். பின்பக்கம் திருப்பிப் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். "எல்லாம் ஒண்ணுதானே ம்மா" என்றாள்.

கலர் அடிக்கத் தாள் கொடுப்பதுதான் ஓவிய வகுப்பு என்றால் அதற்கு நாங்கள் தனியாகப் பணம் கட்டத் தேவையே இல்லை. அரசுப் பாடத்திட்டத்திலேயே கிரேடு ஆர் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரம் படைப்புக் கலைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது போக, பள்ளியில் கிடைக்காத ஏதோ ஒன்று கிடைக்கும் என்றுதான் உங்களிடம் வந்தோம்.

எல்லாமே மோசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மிஸ் விடுப்பில் போயிருந்தபோது இரண்டு வகுப்பு எடுக்க ஒரு இளம் பெண் வந்தார், கல்லூரி மாணவி போலிருந்தது. பிள்ளைகள் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் தன் பையிலிருந்து வெண்டைக்காயும் உருளைக்கிழங்கும் எடுத்து, வெட்டி, பெயின்டில் தோய்த்துத் தாளில் அச்சு வைக்கச் சொல்லியிருக்கிறார். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூப்போல இருக்கிறதே, அதை என் மகள் அன்றுதான் கவனித்தாள். முழங்கை வரை கலரோடு வந்தாள், ராத்திரி தூங்கும் வரை வாய் ஓயவில்லை, மறுநாள் நான் குழம்புக்கு நறுக்கி வைத்த வெண்டைக்காயில் பாதியைக் காணோம். அந்த இரண்டு நாளுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம். அந்த அக்காவை அதன் பிறகு ஏன் கூப்பிடவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் இப்போதுதான் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மே மாதத்தில் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதல் முறை பதிலே இல்லை. இரண்டாவது முறை ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

இனி பணக் கணக்கு. 20 வகுப்பில் நடந்தது 16. ஏப்ரல் 27 சுதந்திர தினம், அது உங்கள் தவறல்ல, ஆனால் மாற்று வகுப்பு தருவதாகச் சொல்லித் தரவில்லை. மற்ற மூன்றும் அன்றன்றைக்கு 1 மணிக்கு மெசேஜ் அனுப்பி ரத்து செய்தவை. 1.30-க்குப் பள்ளி விடும் குழந்தையை யார் கூப்பிடுவது என்று வேலையிடத்தில் நான் கெஞ்சி நின்றது தனிக் கதை. ஒரு வகுப்பு 120 ரேண்ட், நான்குக்கு 480. நடந்த 16-ல் அந்த அக்கா எடுத்த இரண்டை விட்டுவிட்டு, மீதி 14-க்குப் பாதிப் பணம், 840. வராத களிமண்ணுக்காகப் பொருட்கள் பணத்தில் பாதி, 225. மொத்தம் 1,545 ரேண்ட். இதற்கு மேல் ஒரு சென்ட் கேட்கவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் "எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதை உங்கள் அலுவலகப் பெண் போனில் படித்துக் காட்டினார். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54-ஆம் பிரிவைப் பாருங்கள். சேவை நியாயமான தரத்தில் நடக்காவிட்டால் அதைச் சரிசெய்யச் சொல்லவோ, கொடுத்த பணத்தில் நியாயமான பகுதியைத் திரும்பக் கேட்கவோ வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பறிக்கும் வாசகத்தை ஒப்பந்தத்தில் போட்டால் செல்லாது என்று 51-ஆம் பிரிவு சொல்கிறது. முடிந்த பருவத்தை யாரும் சரிசெய்ய முடியாது, அதனால் பணத்தைக் கேட்கிறேன். ஜூலை 17-க்குள் எங்கள் எந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினோமோ அதே கணக்குக்குப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போகும். அதை மட்டும் இங்கிலீஷில் எழுதுவேன்.

மூன்றாம் பருவத்துக்கு அவளைச் சேர்க்கவில்லை, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பழுப்புக் கடல் தாளை மிஸ் மேசை டிராயரில் வைத்ததாக மகள் சொல்கிறாள். அது எங்களுக்கு வேண்டும். விடுமுறை முகாம் நடக்கும்போது வரும் சனிக்கிழமை காலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். குப்பையில் போட்டாயிற்று என்றால் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவளும் கூட வருகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், வெறுங்கையோடு திரும்பக் கூட்டி வர முடியாது.

இப்படிக்கு,
திங்கள், புதன் வகுப்பு மாணவியின் அம்மா