குல்மார்க் போகலாமா என்று கேட்ட மலருக்கு

அன்புள்ள மலர்,

பனிச்சறுக்கு பழகக் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகலாமா என்று நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் நாலு மாதிரி சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். உன் ஆபீஸ் ஜெர்மன்காரர் உலகத்திலேயே இப்படி ஒரு மலை கிடையாது என்கிறார். ஹனிமூன் போய்வந்த உன் தோழி, ‘குதிரைக்காரர்கள் தொல்லை தாங்கவில்லை, ஸ்கீயிங் என்று சொல்லி அரை மணி நேரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்’ என்கிறாள். டில்லி நண்பர் அங்கே பனியையே பார்க்கவில்லையாம், காய்ந்த புல்தானாம். கனடாவில் விஸ்லரில் சறுக்கிப் பழகிய உன் காலேஜ் சீனியர், ஒழுங்கான பாதை கிடையாது, இருப்பதே கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் ஒரு கோண்டோலா, அதுவும் பாதி நாள் மூடிக் கிடக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே போட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாலு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்து, சுமாரான இடம் போல என்று நீ முடிவு கட்டினால் அதுதான் தப்பாகப் போகும். குல்மார்க்கில் சுமார் என்று எதுவும் கிடையாது. மேலே ஒரு மலை இருக்கிறது, கீழே ஒரு புல்வெளி இருக்கிறது. நீ கேட்கிற புகழ்ச்சி அத்தனையும் மேலே இருப்பதற்குச் சேர வேண்டியது. திட்டு பெரும்பாலும் கீழே நடப்பதற்கு. முதல்முறை ஸ்கீ மாட்டப்போகிற நீ இருக்கப்போவது கீழே. போகாதே என்று சொல்லவில்லை, போ. எதற்காகப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ.

புல்வெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2650 மீட்டர் உயரம். கோடையில் அங்கே கோல்ஃப் ஆடுவார்கள், குளிர்காலத்தில் அதே மேடுபள்ளத்தின் மேல் பனி விழுந்ததும் புதிதாகப் பழகுகிறவர்கள், ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், குதிரைகள், போட்டோ எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். அங்கிருந்து கோண்டோலா இரண்டு கட்டமாக ஏறுகிறது. 1998-ல் திறந்த முதல் கட்டம் கொங்டூரியில் கொண்டுபோய் விடும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள்வரைக்கும், கிட்டத்தட்ட 3950 மீட்டருக்குப் போகும். இந்த உயரம் ஏன் முக்கியம் என்றால், உன் சீனியர் பெருமையாகச் சொல்லும் விஸ்லரில் லிஃப்ட் ஏறும் அதிகபட்ச உயரமே 2284 மீட்டர்தான். அதாவது அவருடைய உச்சி, குல்மார்க் குதிரை லாயத்தைவிடத் தாழ்வு. விஸ்லரில் அடிவாரத்தில் மழை பெய்து பனியைக் கரைத்துவிடும் நாட்கள் உண்டு, அதை அங்கே போகிற எல்லோரும் புலம்புவார்கள். அஃபர்வத் உச்சியில் நடுக்குளிர்காலத்தில் அந்தக் கவலை இல்லை.

ஜெர்மன்காரர் பார்த்தது இந்த மேல்பாதியை. கோண்டோலா கதவு திறந்ததும் முகத்தில் அறையும் காற்று, மூக்கு ரோமம் விறைத்துப்போகிற குளிர். ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். கயிறு கட்டிய எல்லைக்கு உள்ளே ஒரு பெரிய சரிவு, அதை மட்டும்தான் பேட்ரோல்காரர்கள், அதாவது மலையின் பாதுகாப்புக் குழுவினர், பார்த்துக்கொள்கிறார்கள். கயிறுக்கு வெளியே இரண்டு பக்கமும் யாருடைய தடமும் இல்லாத வெள்ளை. நல்ல பனி விழுந்த மறுநாள், கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது, முழங்காலுக்கு மேலே பொடிப்பனி எழும்பி மார்பில் வந்து அடிக்கும், திரும்பும்போது சத்தமே இருக்காது. மேலே வெட்டவெளி, கீழே வர வர பூர்ஜ (பிர்ச்) மரங்கள், அதற்கும் கீழே ஊசியிலைக் காடு. புல்வெளியில் நிறுத்தினால் 1300 மீட்டர் இறக்கம். நிறுத்தாமல் காட்டுக்குள் புகுந்து, இன்னும் கீழே இருக்கும் ஊர்களான பாபா ரேஷி பக்கமோ டாங்மார்க் பக்கமோ இறங்கிவிட்டால் இன்னும் நீளம், அங்கே ஏதாவது ஒரு டாக்சியைப் பிடித்து, ஸ்கீயைக் கூரையில் கட்டி, மறுபடி மேலே வந்துவிடலாம். இதே மாதிரி சரிவுக்கு ஐரோப்பாவில் காலை ஒன்பது மணிக்கே நூறு பேர் தடம் பதித்திருப்பார்கள். அவர் துள்ளிக் குதிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனி. காஷ்மீருக்குப் போகாதீர்கள் என்று பல வெளிநாட்டு அரசுகள் தங்கள் மக்களுக்கு எச்சரிக்கை போட்டு வைத்திருக்கின்றன, அதை மீறிப் போனால் பயணக் காப்பீடு செல்லாமல் போய்விடலாம். அப்படியும் கிளம்பி வருகிற வெள்ளைக்காரர் எப்படிப்பட்டவராக இருப்பார்? பல வருடம் சறுக்கினவர், ஆல்ப்ஸில் கூட்டம் பார்த்துச் சலித்தவர், கரண்ட் போனால் சிரிக்கிறவர். குடும்பத்தோடு வந்து மெத்தென்ற பாதையில் சறுக்கிவிட்டு மத்தியானம் ஒயின் குடிக்க நினைக்கிறவர் குல்மார்க் பக்கமே வருவதில்லை. ஆகவே அங்கே போய்வந்த வெளிநாட்டுக்காரர்களின் கருத்தைக் கேட்டால் பாராட்டுதான் அதிகம் வரும், வேறுவிதமாக வர வழியே இல்லை. உன் சீனியர் மாதிரி ஒருத்தர் எப்போதாவது போனால்தான் மறுபக்கம் தெரியவரும்.

அவர் சொன்னதும் சரிதான். விஸ்லரிலும் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலும் பாதைகளுக்கு நிறம் உண்டு, ராத்திரியில் மெஷின் ஓட்டிப் பனியைச் சமப்படுத்துவார்கள், எங்கே போனாலும் ஒரு லிஃப்ட் இருக்கும். குல்மார்க்கில் கோண்டோலாவைத் தவிர ஒரு நாற்காலி லிஃப்ட், சில இழுவை லிஃப்ட்கள், அவ்வளவுதான். ‘இந்தியாவின் சுவிட்சர்லாந்து’ என்று விளம்பரம் எழுதினவனைத்தான் நான் முதலில் பிடித்து உதைப்பேன், பாதி ஏமாற்றத்துக்கு அவனே காரணம்.

பாதி நாள் மூடிக் கிடக்கிறது என்றாரே, அந்த ஒன்றில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை. பெரிய பனி விழுந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பேட்ரோல்காரர்கள் மேலே போய் வெடி வைத்து, தொங்கிக்கொண்டிருக்கும் பனியைத் தாங்களே சரியவிட்டு, இனிப் பயமில்லை என்று தெரிந்தபிறகுதான் திறப்பார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவன் வானம் தெளிந்த காலையில், புதுப்பனியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மூடிய கதவுக்கு முன்னால் நிற்பது எரிச்சல்தான். ஆனால் 2023 பிப்ரவரி முதல் தேதி அஃபர்வத்தில் நடந்த பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 22-ம் தேதி ஒரு ரஷ்யர். கயிறுக்கு வெளியே போகிறவர்கள் உடம்பில் ட்ரான்சீவர் (புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ கருவி) கட்டி, முதுகில் மண்வாரியும் நீளக் கம்பியும் சுமந்து, கூடவே உள்ளூர் கைடு ஒருவரையும் வைத்துக்கொண்டு போவது சும்மா இல்லை. புதைந்தவனைத் தேடி எடுக்க சில நிமிடங்கள்தான் அவகாசம். கதவு மூடியிருந்தது என்று குறை சொல்கிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் மூடினவர் பக்கம்தான் என் ஓட்டு.

டில்லி நண்பர் எப்போது போனார் என்று விசாரித்தாயா? 2024 ஜனவரியாக இருந்தால் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள், குளிரின் உச்சம் அதுதான். அந்த வருடம் அதில் பெரும்பகுதி குல்மார்க் பழுப்பாகவே கிடந்தது, படம் பத்திரிகையிலெல்லாம் வந்தது. அங்கே பனி கொண்டுவருவது நம் பருவமழை மாதிரி ஒன்றல்ல, மேற்கே மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வருகிற காற்றழுத்தத் தாழ்வுகள். அவை வந்தால் இரண்டே நாளில் ஆள் உயரம் கொட்டும், வராவிட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. ஜனவரி கடைசியில்தான் அவை வந்தன. அதே பிப்ரவரியில்தான் அந்த ரஷ்யர் சரிவில் சிக்கினார். ஒரே சீசன், ஒரு மாத இடைவெளி, ஒருத்தர் பனியே இல்லை என்று திரும்புகிறார், இன்னொருத்தரைப் பனி கொன்றுவிடுகிறது. அடுத்த வருடமும் சிக்கல், 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியைப் பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஏப்ரலில் குற்றாலம் போய்விட்டு அருவியே இல்லை என்று திட்டலாம்தான், ஆனால் குற்றாலத்துக்குச் சீசன் எப்போது என்று நமக்கு ஓரளவாவது தெரியும். குல்மார்க்கில் அந்த உத்தரவாதமும் வர வர குறைந்துகொண்டே போகிறது.

இனி உன் தோழி. அவளுடைய குறை உனக்கு நேராகப் பொருந்தும் என்பதால் இதை நன்றாகப் படி. டாங்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கினதுமே ஆரம்பித்துவிடும். பனிக்காலத்தில் அங்கிருந்து மேலே சங்கிலி கட்டிய வண்டியோ ஃபோர் பை ஃபோரோ மாற்றச் சொல்வார்கள், அது நியாயம், சாலை அப்படி. ஆனால் அப்படியே பூட்ஸ் வாடகைக்கு, கோட் வாடகைக்கு, கைடு, ஸ்லெட்ஜ் என்று ஐந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஸ்கீ பூட்ஸ் உன் அளவுக்கு இருக்காது, இருக்கிறதைக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்த ஜோடியில் ஒரு கொக்கி உடைந்து, அதற்குப் பதில் ஒரு துண்டுக் கயிறு. உள்ளே இருக்கும் பஞ்சு முந்தின ஆளின் வியர்வையில் ஈரமாகவே இருந்தது, காலை நுழைத்ததும் சில்லென்று ஏறியது. அரை மணி நேரம் ஒருத்தர் உன்னை இழுத்துப்போவார், நீ இரண்டு முறை விழுவாய், போட்டோ எடுப்பார்கள், காசு. இதை ஸ்கீயிங் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம், பாவம். இழுக்கிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. டாங்மார்க் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வருடத்தில் சில மாதம்தான் இந்த வருமானம், பனி வராத ஜனவரியில் அதுவும் இல்லை.

அந்த ஊர்ப் பையன்களைச் சறுக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துக்காரர்தான், கம்புகளை வளைந்து வளைந்து கடந்து சறுக்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வதாக வந்தார். உள்ளூர் கைடுகளின் புகாரோ வேறு ரகம். செல்ஃபி எடுக்க இரண்டாம் கட்டம் ஏறி அதே பெட்டியில் இறங்குகிறவர்கள் வரிசையை அடைத்துக்கொள்கிறார்கள், ஸ்கீயோடு வந்தவன் ஒரு நாளில் மூன்று தடவை ஏறவேண்டியது ஒரு தடவையோடு முடிகிறது என்று ஒருத்தர் என்னிடம் பொரிந்து தள்ளினார். அந்தச் செல்ஃபிக்காரர்களின் டிக்கெட் காசில்தான் கோண்டோலாவே ஓடுகிறது என்றேன். அது வேறு கதை என்றார்.

சரி, உனக்கு வருவோம். மணிக்கணக்கு ஆளைப் பிடிக்காமல், முறையான பயிற்சியில் சேர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கிலேயே ஒரு பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பகல்காமில் இருக்கும் ஜவஹர் மலையேற்ற நிறுவனமும் குல்மார்க்கில் வகுப்பு நடத்துவதுண்டு. பழகுவதற்குப் பெரிய மலை தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். உத்தராகண்டில் இருக்கும் ஆலியில் ஒரே சரிவுதான், ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்குக் குல்மார்க்கைவிட அது மட்டம் என்று சொல்லமாட்டேன். உனக்குக் காஷ்மீர்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் பாதியைப் பார், விமான டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி எடு. போய் இறங்கிய அன்றே இரண்டாம் கட்டம் ஏறாதே, தலைவலி வரும். வானம் தெளிந்த ஒரு நாள் சும்மா பார்ப்பதற்காகப் போய்வா, கயிறுக்கு வெளியே யார் கூப்பிட்டாலும் சிரித்துவிட்டு இந்தப் பக்கமே நில்.

அப்புறம், சித்தி பயப்படுவது 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த தீவிரவாதத் தாக்குதலை நினைத்து. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதே. நான் பேசிக்கொள்கிறேன், ஆனால் அவர் கடைசியில் வேண்டாம் என்றால் ஆலிக்கு மாற்றிக்கொள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. வெளியூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போவதற்கு முன்னால் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடு, இல்லாவிட்டால் சித்திக்கு யார் பதில் சொல்வது?

அன்புடன்,
அண்ணன்