கட்சிகளின் பணக் கணக்கு குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கொடுப்பவரின் பெயர் வெளியே வராமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தபோது, கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது. ஆனால் அத்தீர்ப்பால் நாம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறோம். அந்தப் பழைய நிலையும் நல்ல நிலையன்று என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளை மட்டுமே தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்கச் சொல்கிறது. பெருந்தொகை ஒன்றைச் சிறு சிறு ரசீதுகளாகப் பிரித்துவிட்டால், கொடுத்தவரின் பெயர் வெளியே வராது. ரொக்க நன்கொடையின் வரம்பை 2,000 ரூபாயாகக் குறைத்த பிறகும் இந்த ஓட்டை அடைபடவில்லை.

செலவுப் பக்கம் இதைவிட மோசம். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்பதால், பந்தலில் போட்ட நாற்காலி, ஒலிபெருக்கி வாடகை, தொண்டர்களுக்கு வாங்கிய தேநீர் வரை அனைத்தும் மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி அவர் கணக்கில் ஏறுகின்றன. அதே தொகுதிக்குக் கட்சித் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து, வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல் கட்சிக்குப் பொதுவாக வாக்குக் கேட்டுவிட்டுப் போனால், அது கட்சியின் செலவாகிவிடுகிறது. கட்சிக்கோ உச்சவரம்பே கிடையாது. 1974-இல் உச்ச நீதிமன்றம் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, அத்தீர்ப்பு பயனற்றதாக்கப்பட்டது. நாடாளுமன்றம் திறந்துவிட்ட வழி இது என்பதால்தான், அடைக்கும் கடமையும் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்கிறேன்.

தேர்தலில் கொட்டிய பணம் பிறகு டெண்டரிலும் உரிமத்திலும் பணியிட மாறுதலிலும் வசூலிக்கப்படுகிறது. அலுவலக வாசலில் லஞ்சம் வாங்குபவரைப் பிடிப்பது அவசியம்தான். ஆனால் பணம் மேலே போக வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை, அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்து அமர்வார்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவரின் பெயர் பதிவாக வேண்டும், அந்த விவரம் வாக்குப்பதிவுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும், கட்சிச் செலவுக்கு வரம்பு வேண்டும், கட்சிகள் தாமே அமர்த்தாத தணிக்கையாளர் அக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசே, ரொக்கமாக அல்லாமல் பொருள் வடிவில், ஏற்கலாம் என்று 1998-இல் இந்திரஜித் குப்தா குழு கூறிய யோசனையை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு திறக்கப்படாமல் அரசுப் பணமும் சேர்ந்தால், அது மறைவாக வரும் பணத்துடன் கூடுதல் பணமாகவே முடியும்.

ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013-இல் ஆணையிட்டும், அக்கட்சிகள் அதற்குப் பணியவில்லை. எனவே கட்சித் தலைமைகள் தாமாக முன்வரும் என்று காத்திருக்க இயலாது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் எவரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். வரும் கூட்டத்தொடரிலேயே உங்களில் ஒருவர் அதைத் தாக்கல் செய்யுமாறும், மற்றவர்கள் கட்சி பாராமல் அதன் மீது பேசுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்