குமிழை எண்ணாமல் கோடுகளை எண்ணலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரவப் படிகக் குறைபாடுகள் (மூலக்கூறுகளின் திசை ஒழுங்கு குலையும் இடங்கள்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தமிழில் எழுதியது மகிழ்ச்சி. ஆனால் அதில் சொன்னபடி எண்ணினால் மாணவர்களுக்குக் கணக்கு ஒத்துவராது.

குளிர்விக்கும் வேகத்திலிருந்து குறைபாட்டு எண்ணிக்கையைக் கணிக்கும் இயற்பியலாளர் ஜூரெக்கின் சூத்திரத்தை, கட்டுரை 5சிபி என்னும் திரவப் படிகத்துக்கு அப்படியே பொருத்துகிறது. அது ஒழுங்கு தாவலின்றிப் படிப்படியாக உருவாகும் தொடர்ச்சியான நிலைமாற்றங்களுக்கு உரியது. 5சிபி சுமார் 35 டிகிரி செல்சியஸில் நெமாட்டிக் (மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கும் திரவ நிலை) ஆவதோ, வலு குறைந்ததுதான் என்றாலும், முதல்வகை மாற்றம்; அதாவது ஒழுங்கு திடீரெனத் தாவி வரும் மாற்றம். குறுக்காக வைத்த இரு போலராய்டுகளுக்கிடையே (ஒளியதிர்வை ஒரே திசைக்கு வடிகட்டும் தகடுகள்) இருண்டு கிடக்கும் திரவத்தில் முதலில் சிறு ஒளிப்பொட்டுகள் முளைக்கும். அவை குமிழாகப் பருத்து ஒன்றையொன்று முட்டும். குமிழுக்குக் குமிழ் மூலக்கூறுகள் நோக்கும் திசை வேறு. பல குமிழ்கள் கூடும் இடத்தில் அந்தத் திசைகள் இசையாவிட்டால் குறைபாட்டுக் கோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். ஆகவே, எத்தனை குமிழ் முளைத்தது என்பதே முதல் கணக்கு. ஒரு தூசு கூட அதை மாற்றிவிடும். 1994-இல் போவிக், சந்தர், ஷிஃப், ஸ்ரீவாஸ்தவா ஆகிய ஆய்வாளர்கள் ஒரு குமிழுக்குச் சராசரியாக 0.33 கோடு என்று அளந்தார்கள். இரு பரிமாணத்தில் கோட்பாடு தரும் மதிப்பு 1/π. எவ்வளவு அழகான பொருத்தம்!

எண்ணும் நேரமும் முக்கியம். குமிழ்களை முட்டுவதற்குச் சற்று முன்பும், கோடுகளைக் குமிழ்கள் இணைந்த உடனேயும் எண்ண வேண்டும். வீடியோ எடுத்து ஒவ்வொரு பிரேமாகப் பார்ப்பதே வழி. கோடுகளின் மொத்த நீளம் காலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும்: முதல் நொடியில் இருந்ததில் நான்காம் நொடியில் கால்வாசிதான் மிஞ்சும். தனி வளையம் ஒன்றைக் கவனியுங்கள். ஆயுளில் முக்கால்வாசி கழிந்த பிறகே ஆரம் பாதியாகும். கடைசியில் சட்டென்று மறையும்.

கட்டுரையின் படத்தில் தெரியும் கருப்புச் சிலுவைகளை எல்லாம் ஒரே வகையாக எண்ணியதும் சரியல்ல. ஒரு புள்ளியிலிருந்து நான்கு கருங்கீற்றுகள் கிளம்பினால் குறைபாட்டின் வலிமை (அதைச் சுற்றி வருகையில் மூலக்கூறு திசை எத்தனை முழுச்சுற்று திரும்புகிறது என்பது) ஒன்று, இரண்டு கிளம்பினால் அரை. அதன் குறி நேரா எதிரா என்றறிய, இரு போலராய்டுகளையும் குறுக்கு நிலை மாறாமல் சேர்த்துச் சுழற்றுங்கள். கீற்றுகள் அதே பக்கம் சுழன்றால் நேர்க்குறி, மறுபக்கம் சுழன்றால் எதிர்க்குறி. நேரும் எதிரும் சம வலிமையில் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது திரவத்தை வைக்கும் கண்ணாடித் துண்டில்தான். ஒருமுறை நெமாட்டிக் ஆனபோது இருந்த திசையைக் கண்ணாடிப் பரப்பு பிடித்துவைத்துக்கொள்ளும். சூடாக்கி மறுபடி குளிர்வித்தாலும் அதே இடத்தில் அதே கோலம் திரும்பலாம். அதைப் புதிய தரவாகச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சுத்தமான புதுக் கண்ணாடித் துண்டு எடுப்பதே நல்லது. நுண்ணோக்கி விளக்கும் திரவத்தைச் சூடாக்கும் என்பதால், வெப்பநிலையைத் திரவத்தை ஒட்டியே அளக்க வேண்டும்.

அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறோம்.

இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி