108 உருப்படிப் பெட்டி

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. 108 உருப்படி கொண்ட டூல்ஸ் பெட்டி, விலை 1,999 ரூபாய், கீழே "வாங்கலாமாப்பா?" என்று ஒரு வரி. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். நீயும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓசூர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பட்டறை போடப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம் சாமி. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தாய், ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைகிறாய். வரைந்ததைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று உனக்கே தோன்றியிருக்கிறதே, அது பெரிய விஷயம்.

சரி, அந்தப் பெட்டி. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். ஸ்க்ரூ டிரைவர் பிட் மட்டும் நாற்பது. ராவல் பிளக்கையும் திருகாணியையும்கூட உருப்படிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் கழித்தால் கருவி என்று சொல்லத்தக்கது பதினொன்று. அந்தப் பதினொன்றில் உனக்கு உடனே வேண்டியது ஐந்து: சுத்தியல், கட்டிங் பிளையர், டேப், ஸ்க்ரூ டிரைவர், ஆக்சா பிளேடு பிரேம். இந்த ஐந்தையும் கடையில் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினால் ஏறக்குறைய அதே பணம்தான் ஆகும். பெட்டியில் வருவதை நீ தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் வேண்டாம் என்கிறேன். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை.

விலை குறைந்த சாமான் எல்லாம் மட்டம் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. உன்னை வளர்த்த வருமானத்தில் அப்படி நினைக்கவும் முடியாது. நம் நாட்டில் ஸ்பேனர், பிளையர் எல்லாம் நிறைய ஜலந்தர், லூதியானா பக்கத்தில்தான் செய்கிறார்கள். அருமையாகப் பதம் போட்ட ஃபோர்ஜிங்கும் அங்கிருந்துதான் வருகிறது, தரையில் பரப்பி விற்கிற சந்தைச் சரக்கும் அங்கிருந்து வருகிறது. சைனா சரக்கும் அப்படித்தான். ஊர் பேரை வைத்து எந்தக் கருவியையும் ஒதுக்காதே, எடுத்துக்கொள்ளவும் செய்யாதே. கையில் வாங்கிச் சோதித்துப் பார்.

என் வலது கை நடுவிரல் முட்டியில் ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாய். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. 5 ஹெச்.பி. மோட்டாரின் அடிப்போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், 19 மி.மீ. ஸ்பேனர். சந்தையில் வாங்கியது, மேலே கண்ணாடி மாதிரி குரோம், 'குரோம் வனேடியம்' என்று, உறுதியான எஃகின் பேர், எழுத்தும் இருந்தது. முழு பலம் கொடுத்து இழுத்தபோது ஸ்பேனரின் வாய் விரிந்துவிட்டது. கை நேராக மோட்டார் உடம்பில் வரிவரியாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விளிம்பில் போய் மோதியது. எலும்பு தெரிந்தது. எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகையால் ஸ்பேனர் வாங்கப் போகும்போது பையில் ஒரு புது எம்8 போல்ட்டும் (8 மி.மீ. தடிமன்) ஒரு எம்12 போல்ட்டும் எடுத்துப் போ. எம்8 தலைக்கு 13 ஸ்பேனர், எம்12 தலைக்கு 19 (சில போல்ட்டில் 18 வரும், அளந்து எடுத்துக்கொள்). ஸ்பேனரை மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பார். கொஞ்சம் ஆடும், அது சரி. கடகடவென்று ஆடினால் போல்ட் முனை மழுங்கிவிடும், வைத்துவிடு. அப்புறம் வாய்க்குள் வெளிச்சம் பட வைத்துப் பார். வெளியே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும், உள்பக்கம் இரண்டு முகமும் கடைந்த மாதிரி சமமாக இருக்க வேண்டும். மணல் வார்ப்பு மாதிரி சொரசொரப்பாகவோ, குரோம் பூச்சு குமிழ் விட்டோ இருந்தால் தொடாதே. முதலில் வேண்டியது ரிங் ஸ்பேனர் செட்தான். போல்ட் தலையைச் சுற்றிப் பிடிப்பதால் சுமாரான ரிங் ஸ்பேனர்கூட லேசில் வழுக்காது. சுமாரான ஓபன் எண்ட் ஸ்பேனர்தான் வழுக்கும்.

டிரில் பிட்டுக்கு நேற்று உனக்காகவே ஒரு சோதனை செய்தேன். பக்கத்துக் கடையில் தங்க நிறத்தில் 13 பிட் உள்ள பெட்டி ஒன்று, 180 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்தின் கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்து ஒவ்வொன்றாக உருட்டினேன். நேரான பிட் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தட்டித் தட்டிப் போகும். மூன்று தட்டின. அடுத்து 6 மி.மீ. பிட்டின் அடிப்பக்கத்தைப் பெஞ்ச் கிரைண்டரில் லேசாகத் தொட்டேன். கம்பி மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பூப்பூவாகச் சிதறியது. சாதாரண கார்பன் ஸ்டீல். நான் பட்டறையில் வைத்திருக்கும் அடிசன் கம்பெனி பிட்டைத் தொட்டுக் காட்டினால் பொறி குறைவாக, மங்கிய சிவப்பில், பூ விடாமல் கோடாக விழும். அது ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல். இந்த வித்தியாசம் பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. கார்பன் ஸ்டீல் 200 டிகிரி தாண்டினாலே பதம் இறங்க ஆரம்பித்துவிடும். ஹெச்.எஸ்.எஸ். 600 டிகிரி அளவுக்குச் சூடானாலும் கூர்மையைத் தாங்கும். இரும்பில் ஓட்டை போடும்போது முனை நீலம் பாய்ந்துவிட்டது என்றால் கார்பன் ஸ்டீல் பிட்டின் கதை முடிந்தது. மேலே இருக்கிற தங்க நிறம் பல நேரம் வெறும் வண்ணம்தான்.

ஆனாலும் அந்த 180 ரூபாய் வீண் இல்லை. வளையாத பத்து பிட்டை மரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டேன், மரத்துக்கு அது நன்றாகவே போதும். இரும்புக்கு உனக்கு 3.3, 5, 6.8, 8.5, 10 என்று ஐந்து நல்ல பிட் மட்டும் தனியாக வாங்கிக்கொள். முதல் நாலும் எம்4, எம்6, எம்8, எம்10 மரை போடும் முன் போடுகிற ஓட்டை அளவு. என்ன வேலைக்கு என்று முதலில் யோசித்துவிட்டால் பணம் தானாகவே சரியான இடத்துக்குப் போய்விடும்.

இனி வெர்னியர், நுணுக்கமாக அளக்கும் கருவி. ஜப்பான் டிஜிட்டல் வெர்னியர் பல ஆயிரம், பேர் தெரியாத ஒன்று ஆயிரத்துக்குள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போன மாதம் கேட்டாய். அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் உன்னிடம் இருந்தால் நீயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு 6203 என்ற எண்ணுள்ள பேரிங் ஒன்று போதும். உள் விட்டம் 17, வெளி விட்டம் 40. நல்ல கம்பெனி பேரிங்கில் அந்த 40 என்பது 0.011 மி.மீ.க்கு மேல் குறையாது, கூடவும் கூடாது. இவ்வளவு துல்லியமான அளவுக்கட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அரிது.

அளக்கும் விதம் இதுதான். பேரிங்கின் மேல் இருக்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிடு. வெர்னியரின் இரண்டு தாடையையும் துடைத்து மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார். மேலிருந்து கீழ் வரை எங்கும் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. முனையில் மட்டும் கீற்று தெரிந்தால் தாடை தேய்ந்ததோ வளைந்ததோ. அப்புறம் ஐந்து முறை திறந்து மூடு. ஒவ்வொரு முறையும் பூஜ்யம் பூஜ்யமாகவே வர வேண்டும். 0.01 இடறினால் விடு, 0.03, 0.04 என்று தாவினால் வேண்டாம். இப்போது பேரிங்கைத் தாடையின் அடிப்பகுதியில் வைத்து அளந்து, அதையே தாடையின் முனையில் வைத்து அள. இரண்டு எண்ணும் 0.02க்குள் ஒத்துப் போனால், பேர் என்னவாக இருந்தாலும் அது உருப்படியான வெர்னியர். முனையில் வைக்கும்போது எண் மாறினால் நகரும் தாடை தளர்வாக ஓடுகிறது என்று அர்த்தம். மேல் விளிம்பில் சின்னத் திருகு இரண்டு இருக்கும், அதைக் கொஞ்சமாக முறுக்கிப் பார்த்து மறுபடி அள. பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் மறக்காதே, பேரிங்கின் அகலத்தை வைத்துச் சோதிக்காதே. அது 12 என்று போட்டிருந்தாலும் 0.12 வரை குறைய அனுமதி உண்டு.

நீ செய்யப் போவது புத்தக அலமாரியும் வெல்டிங் ஸ்டாண்டும். அதற்கு 0.05 பிசகினால் ஒன்றும் குடி முழுகாது. எனவே மலிவு வெர்னியரே வாங்கு, பேரிங்கில் தேறினால் வைத்துக்கொள், தேறாவிட்டால் திருப்பி அனுப்பு. மிச்சம் பணத்தை, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் போடு. இன்னொன்று, மலிவு டிஜிட்டலில் சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வை.

மூலைமட்டத்துக்கும் ரசமட்டத்துக்கும் பேரிங்கூட வேண்டாம். மூலைமட்டத்தை நேரான பலகை விளிம்பில் வைத்துக் கோடு கிழி, அதைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் உண்மையான பிசகு அதில் பாதி. ரசமட்டத்தை முனை மாற்றி வைத்தாலும் குமிழ் அதே இடத்தில் நிற்க வேண்டும். கடையிலேயே செய்து பார்க்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வைஸ் மட்டும் புதிதாக மலிவாக வாங்காதே. உக்கடம் பழைய இரும்புக் கடையில் எனக்கு 4 இஞ்ச் வைஸ் ஒன்று எடை விலைக்குக் கிடைத்தது, தெரியுமல்லவா? திண்ணையில் இருப்பதுதான். பழசு வாங்கும்போது உடம்பில் விரிசலோ பித்தளை ஒட்டோ இருக்கிறதா என்று பார். அப்புறம் இரண்டு துண்டுக் காகிதத்தைத் தாடையின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று வைத்து மெதுவாக இறுக்கு. இரண்டையும் இழுத்தால் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். பழைய சாமான் கிடைக்கிற பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு உனக்குப் பக்கம்தானே, அங்கே போகும் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வா.

இதுவரை சொன்னது எல்லாம் ஏமாந்தால் பணம் போகும், வேலை கெடும், அவ்வளவுதான். கிரைண்டர் அப்படி இல்லை. ஏ.ஜி.4, அதாவது 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் மெஷின், சுமாரான கம்பெனியாக இருந்தால்கூட ஒத்துக்கொள்வேன், கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் ஓசூரில் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரி. ஆனால் அதில் மாட்டும் கட்டிங் வீலில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதே. மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும். 4 இஞ்ச் வீலின் மேல் 15,200 என்பது போல ஒரு எண் அச்சிட்டிருக்கும், அது மெஷின் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார். நடுவில் இருக்கும் தகர வளையத்தில் மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். அந்தத் தேதி தாண்டிய வீலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. உள்ளே இருக்கிற பசை ஈரம் குடித்து வலு இழந்திருக்கும். வீலின் மேல் மூடியைக் கழற்றி வைத்து ஓட்டாதே. மரம் அறுக்கிற பல் சக்கரத்தை ஏ.ஜி.4இல் மாட்டி அறுக்கிறவர்களை நிறையப் பார்ப்பாய், நீ ஒருநாளும் செய்யாதே. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உன் பக்கம் எகிறும், பிடிக்கவே முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி போடு. சடையைத் தூக்கி முடிந்துகொள், துப்பட்டா வேண்டாம். டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும்போது கையுறையும் வேண்டாம், சுற்றிக்கொண்டு இழுத்துவிடும். இந்தப் பத்தியை மட்டும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

பஸ் பார்சலில் ஒரு அட்டைப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். 1994இல் நான் வாங்கிய ரிங் ஸ்பேனர் செட் அதில் இருக்கிறது, ஒன்றுகூட வாய் தேயவில்லை. அம்மா முறுக்கு டப்பாவும் வைத்திருக்கிறாள், எண்ணெய் படாமல் தனியாகக் கட்டியிருக்கிறது. அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு 6203 பேரிங் இருக்கும். புதுசு, மோட்டாரில் மாட்டியதே இல்லை. வெர்னியர் வந்ததும் தாடையின் அடியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முனையில் ஒரு தடவை அளந்து, மூன்று எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா